மலை நீக்கப்பட்டது

ஐம்பத்தொன்பது வருஷமாக ஏசுபாதத்தின் பெயரில் யாரும் ஒரு குறையும் கண்டதில்லை. அது மொட்டையாக இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் அவருக்குச் சம்பந்தியாகப் போகிற ரத்தினம்.

கடப்பேரியில் ஏசுபாதத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. ரத்தினம் படிப்பதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்க பக்கத்தைப் பாருங்க. நான் பி.ஏ., எஃப்.டி.பி.சி. பையன் துரை பி.காம். என் மச்சான் பி.எஸ்ஸி., ஒரு பேப்பர் பாக்கி, அதையும் பிராக்கெட்ல போட்டிருக்கோம். செத்துப்போன எங்க அப்பாவுக்குக்கூட எல்.எம்.பி. இருக்கு. உங்க பேரு மட்டும் மொட்டையா நிக்குது. கோயில்ல முன் வரிசையில ஒருத்தர் சட்டை இல்லாம உட்கார்ந்த மாதிரி."

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த ஞானசௌந்தரியின் கை நின்றது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் தன் கணவரை ஒருவர் சட்டை இல்லாதவர் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. ஏசுபாதம் வெயில் காலத்திலும் வீட்டுக்குள்ளேயே சட்டையை மேல்பொத்தான் வரை போட்டுக்கொள்கிற மனிதர். பெரிய மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, ஒரு நாள் தாமதம் இல்லாமல், ஒரு கடன் இல்லாமல் ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கோப்பில் ஒரே ஒரு மெமோ இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"இப்ப எழுத்துக்கு எங்க போறதுங்க?" என்றார் ஏசுபாதம். முதுகு நாற்காலியில் படவில்லை.

"எதுக்குப் போகணும்? நம்ம போட்டோ சர்க்கிள் இருக்கே!" என்று ரத்தினம் சிரித்தார். "நீங்கதான் போட்டோ எடுப்பீங்கன்னு பொண்ணு சொல்லுச்சே. ஒரு படத்தைக் கொண்டாங்க. சபை பார்க்கும், திருத்தும், ஏத்துக்கும். உங்க பேருக்குப் பின்னாடி சர்க்கிளோட ஏ.டி.பி.சி. பட்டம் வந்துடும். பத்திரிகையை ஏப்ரல்ல அடிச்சாப் போதும்."

ஏப்ரலுக்குள் எழுத்து வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. "பையனோட பெரியம்மாதான் கொஞ்சம் யோசிக்கிறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வடையை எடுத்தார். மகள் பியூலா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள் என்பது ஏசுபாதத்துக்குத் தெரியும். கதவின் கீழே அவள் கால் தெரிந்தது. அந்தக் கால் அசையாமல் நின்ற விதத்தில்தான் அவர் சர்க்கிளில் சேர முடிவு செய்தார்.

தாம்பரம் பிக்டோரியல் சர்க்கிள் என்பது மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடுகிற பதினான்கு பேர். இன்ஸ்டிடியூட்டின் சொந்தக்காரர் துளசிங்கம்தான் செயலாளர். ரத்தினம் தலைவர். மீதிப் பேர் எல்லாரும் துணைத் தலைவர்கள். சாதாரண உறுப்பினராக யாரும் இல்லாததால் ஏசுபாதத்தின் வருகை பெரும் மகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்டது.

முதல் நாளே துளசிங்கம் விதிகளை விளக்கினார்.

"சார், படத்துல பேரு இருக்கக்கூடாது. நம்பர்தான். உங்களுது நாப்பத்தேழு. யார் படம்னு யாருக்கும் தெரியக்கூடாது."

"புதுசா வந்திருக்கறது நான் ஒருத்தன்தானே சார்?"

"அதான் சொல்றேன். யாருக்கும் தெரியக்கூடாது. அதனால படம் எடுத்தவரும் எழுந்து நின்னு தன் படத்தைத் தாக்கணும். சும்மா உட்கார்ந்திருந்தா கண்டுபிடிச்சிடுவாங்க இல்ல? நல்லா தாக்கணும். போன வருஷம் ஒருத்தர் அவர் படத்தை அவரே தாக்கித் தாக்கி, அழுதுட்டாரு. அவருக்கு உடனே பட்டம் குடுத்துட்டோம்."

இரண்டாவது விதி: பதிவான படத்தில் புதிதாகச் சேர்க்கலாம், இருப்பதை நீக்கலாம், ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்கக்கூடாது. மூன்றாவது விதி: சர்க்கிளின் முத்திரையைச் சட்டைமேல் குத்திக்கொள்ளக்கூடாது. உள்ளே, பனியனில், நெஞ்சோடு ஒட்டி அணிய வேண்டும். கலை விளம்பரத்துக்கு அல்ல என்பது அதன் பொருள்.

நாற்பத்தேழாம் எண் படம் கருப்பு வெள்ளை. பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து. நடுவில் பச்சைமலை கரேலென்று எழுந்து நின்றது. அதன் இரு பக்கமும் வெள்ளையாக மூடுபனி, அலை அலையாக வரி விழுந்து, மேலே போகப் போகக் குறுகிக் கலைந்தது. தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அந்த மலையை இப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. தாம்பரத்தில் மூடுபனி கிடையாது.

ஏசுபாதம் அந்தப் பனியைத் தன் வீட்டு பீரோவின் பின்னாலிருந்து எடுத்திருந்தார். எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் முழு சூரிய கிரகணம் வந்தபோது, பிள்ளைகள் பார்ப்பதற்காக, மருத்துவமனையில் வீணாய்ப்போன எக்ஸ்ரே பிலிம்கள் நான்கை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்திருந்தார். மூன்று கீறல் விழுந்து கெட்டுப்போயின. நான்காவது ஒரு ஆணின் நெஞ்சு. அதை அப்படியே போட்டோத் தாளின்மேல் பரப்பி வெளிச்சம் காட்டினால், நுரையீரல் இரண்டும் வெள்ளையாகவும் விலா எலும்புகள் சாம்பல் வரிகளாகவும் விழுகின்றன என்பதைத் தற்செயலாகத்தான் கண்டார். அந்தத் தாளின்மேல் மலையின் நெகட்டிவை, படம் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்து மறுபடி வெளிச்சம் காட்டினால் பனிக்குள் மலை. மின்கம்பி தெரியாத வானத்துக்கு மூன்றாவதாக ஒரு நெகட்டிவ். அவ்வளவுதான்.

அந்த பிலிம் ஏன் வீணாய்ப்போனது என்பது அவருக்கு மறக்காது. அந்த மெமோவுக்குக் காரணமே அதுதான். படம் எடுக்க வந்த யாரோ ஒரு பெரிய மனிதர், பனியனில் இருந்த ஏதோ ஒரு பித்தளைத் தகட்டைக் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார். வரிசையில் அறுபது பேர். ஏசுபாதம் வேறு வழியில்லாமல் அப்படியே எடுத்தார். டாக்டர் பிலிமைப் பார்த்துவிட்டு மெமோ கொடுத்தார். அந்தத் தகடு தாளில் கன்னங்கரேலென்று ஒரு சதுரமாக விழும். அதனால்தான் அதை மலையின் வலது சரிவுக்குள் வரும்படி பொருத்தியிருந்தார். கருப்புக்குள் கருப்பு. தகட்டில் என்ன வெட்டியிருந்தது என்று அவர் உற்றுப் பார்த்ததில்லை. ஆளின் முகமும் நினைவில்லை. முப்பத்திரண்டு வருஷம் அவர் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

விமரிசனம் தொடங்குவதற்கு முன் ரத்தினம் தலைமையுரை ஆற்றினார். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து, உள்ளே கைவிட்டு, பனியனிலிருந்த பித்தளை முத்திரையை எல்லாருக்கும் காட்டினார். டி.பி.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தகட்டில் ஊடுருவ வெட்டப்பட்டிருந்தன. ஒரு மூலை உடைந்திருந்தது.

"நண்பர்களே! இருபது வருஷமா இது என் நெஞ்சை விட்டு இறங்கினதில்லை. எண்பதுல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவன் ஒருத்தன், 'கழட்டுய்யா'ன்னான். நான் சொன்னேன், 'தம்பி, இதைக் கழட்டினா நீ எடுக்கப்போறது வெறும் எலும்பு. இதோட எடுத்தா அது ஒரு கலைஞனோட நெஞ்சு'ன்னேன். அவனால பதில் சொல்ல முடியலை. எடுத்தான்!"

பதின்மூன்று பேரும் கை தட்டினார்கள். ஏசுபாதமும் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. சுவரில் இருந்த தன் மலையின் வலது சரிவைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். 'கழட்டுய்யா' என்று அவர் சொல்லவில்லை. 'கழட்டிடுங்க சார்' என்றுதான் சொன்னார். எட்டு வருஷத்துக்குப் பிறகும் அது அவருக்கு முக்கியமாகப் பட்டது.

விமரிசனம் ஆரம்பித்தது. ஒரு துணைத் தலைவர், "படத்துல மலை இருக்கு. ஆனா மலைத்தன்மை இல்லை" என்றார். இன்னொருவர், "மலை கொஞ்சம் தாம்பரமா இருக்கு. இன்னும் சற்று இமயம் தேவை" என்றார். மூன்றாமவர் மலை நடுவில் நிற்பது பார்வையாளனை அவமதிக்கிறது என்றார். கடைசியாக ஏசுபாதத்தின் முறை வந்தது. அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, நேராக நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சு படத்துல ஒரு தப்பும் இல்லைங்க" என்றார்.

சபை திடுக்கிட்டது. யாருடைய படம் என்று எல்லாருக்கும் தெரிந்துபோய்விட்ட சோகத்தில் துளசிங்கம் பேனாவை மூடினார். நிகழ்ச்சிக் குறிப்பில் பிறகு இப்படி எழுதினார்: 'எண் 47. மலை உயர்த்தப்பட வேண்டும். இடப்புறம் தள்ளப்பட வேண்டும். முன்புறத்தில் உயிர் ஒன்று தேவை.'

தேநீர் கொண்டுவந்த செல்லம்மா, இன்ஸ்டிடியூட்டைக் கூட்டிப் பெருக்குகிறவள், போகிற போக்கில் படத்தின் முன் நின்றாள்.

"இன்னா சார் இது, எங்க வூட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரில எட்த்த படம் மாறி கீது?"

"பாமர ரசனை" என்று ரத்தினம் மற்றவர்களிடம் வருத்தத்தோடு விளக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானசௌந்தரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்காகத்தான் உங்களுக்கு மெமோ குடுத்தாங்களா? நல்லா வேணும். மலையைத் தூக்கிட்டுக் காட்டுங்க, ஊர் பார்க்கட்டும்."

"என்ன பேச்சு பேசறே? நாளைக்கு அவர் நம்ம பொண்ணுக்கு மாமனார். அவர் மானம் போச்சுன்னா அது நம்ம வீட்டு மானம் இல்லையா? எழுத்துக்காகத் தலைவரோட நெஞ்சையே கொண்டாந்து மாட்டினான்னு நாலு பேர் சொல்லணுமா?"

"அப்ப வேற பனி போடுங்களேன்."

"மாத்தக்கூடாது. விதி."

"படத்தை வாபஸ் வாங்குங்க."

பின்கட்டில் பியூலா துணி உலர்த்திக்கொண்டே பாடுவது கேட்டது. வாபஸ் வாங்கினால் எழுத்து இல்லை. எழுத்து இல்லாவிட்டால் பையனின் பெரியம்மா யோசிப்பாள். அந்தப் பெரியம்மா யோசித்து இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருக்கிறது என்று தரகர் சொல்லியிருந்தார்.

"மலை இருக்கற வரைக்கும் பயமில்லை" என்று ஏசுபாதம் முடிவாகச் சொன்னார். அன்று முதல் பச்சைமலையைக் காப்பது குடும்பக் கடமை ஆயிற்று.

அவர்கள் வீட்டில் குளியலறைதான் இருட்டறை. ஜன்னலில் கம்பளி, மேலே சிவப்பு பல்பு. ஞாயிற்றுக்கிழமை பகலில் யாருக்காவது குளிக்க வேண்டுமானால் முதலில் மலை உலர வேண்டும். அவர் தாள் வைக்கும் பலகையின் ஒரு பக்கத்துக்குக் கீழே பைபிள் அளவுக்குச் செங்கல் வைத்துச் சாய்த்தார். பச்சைமலை நீண்டு இமயம் ஆயிற்று. ஆனால் அதை இடப்பக்கம் தள்ளியதும், வலது சரிவின் பாதுகாப்பு போய், கருஞ்சதுரம் பனிக்கு நடுவில் வெட்டவெளியில் வந்து நின்றது. டி.பி.சி. என்று வெள்ளையாக வாசிக்கவும் முடிந்தது.

ஏசுபாதம் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, நெஞ்சுப் படத்துக்கு வெளிச்சம் காட்டும்போது அந்த இடத்தின்மேல் வைத்தார். வெளிச்சம் படாத இடம் வட்டமாக வெள்ளையாயிற்று. தகடு மறைந்தது. சம்பந்தியின் இதயத்துக்கு மேலே ஒரு முழுநிலா உதித்தது.

முன்புறத்து உயிருக்காக ஒரு வாரம் பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போய் ஒரு ஆட்டைப் படம் எடுத்தார். ஆடு நன்றாக நின்றது. பிப்ரவரி அமர்வில் சபை அதை முக்கால் மணி நேரம் விவாதித்தது.

"ஆடு வெளியே பார்க்குது" என்றார் ரத்தினம். "பார்க்கறவன் கண்ணு மலைக்குப் போகுது, அங்கேயிருந்து ஆட்டுக்கு வருது, ஆடு அப்படியே அவனைப் படத்தை விட்டு வெளியே கூட்டிக்கிட்டுப் போயிடுது. நான் இப்ப ரோட்டுல நிக்கறேன்!"

"நானும்" என்றார்கள் மூன்று துணைத் தலைவர்கள்.

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டா உள்ளே பார்க்குங்க" என்று ஏசுபாதம் சொன்னார்.

"திருப்பினா ஆட்டோட மனசு திரும்புமா?" என்று கேட்டார் ரத்தினம். நிகழ்ச்சிக் குறிப்பில் துளசிங்கம் எழுதினார்: 'ஆட்டின் மனம் குறித்து ஐயம்.'

நிலா பற்றி அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏசுபாதம் நிம்மதியாகச் சைக்கிளை மிதித்தார்.

மார்ச் அமர்வுக்கு நடுவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். பேராசிரியர் மாணிக்கவேல். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள் வரவேற்புப் பதாகையில் இடம் போதாமல் இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தன. அவர் படத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். படத்தைப் பார்க்காமல் உணர்வதுதான் அவருடைய முறை.

"இந்தப் படத்தில் ஒரு பெரிய படம் ஒளிந்திருக்கிறது" என்றார் கடைசியில். "அதை வெளிவராமல் யாரோ தடுக்கிறார்கள்."

ஏசுபாதம் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"முதலில் ஆடு. வேண்டாம். ஆடு என்பது ஒரு கருத்து. நிலா. இந்த நிலா எங்கிருந்து வந்தது? வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வருகிறது, நிலா வலப்பக்கம் நிற்கிறது. பொய் நிலா! நீக்குங்கள்."

"நிலா இருந்துட்டுப் போகட்டுங்க" என்று ஏசுபாதம் எழுந்தார்.

"ஏன்?"

"அழகா இருக்குங்க."

அழகு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு துணைத் தலைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"கடைசியாக மலை" என்றார் பேராசிரியர். குரல் தாழ்ந்தது. "நண்பர்களே, இது மலைப்படம். மலைப்படத்தில் மலை இருப்பது எவ்வளவு பழைய யோசனை! பார்வையாளன் பனியைப் பார்த்து மலையை உணர வேண்டும். மலையைக் காட்டிவிட்டால் அவனுக்கு என்ன வேலை? இந்தப் படத்தில் இடைஞ்சலாக இருப்பது ஒன்றே ஒன்று. அது மலை. நீக்குங்கள்."

கை தட்டல் மாடியை அதிர வைத்தது. கீழே யாரோ டைப் அடிப்பதை நிறுத்தினார்கள்.

"ஐயா" என்றார் ஏசுபாதம். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் குரலில் கெஞ்சல் வந்தது. "மலையை எடுத்தா பின்னாடி ஒண்ணு வரும். அது வர்றது நல்லதுக்கில்லை. சொல்லிட்டேன்."

"வரட்டும்!" என்று ரத்தினம் எழுந்தார். "பின்னாடி இருக்கறது முன்னாடி வர்றதுதான் கலை. பயந்தவனுக்கு இங்க இடமில்லை. நான் தலைவராச் சொல்றேன், எது வந்தாலும் பொறுப்பு என்னுது."

"சம்பந்தி, தயவுபண்ணி..."

"இங்க சம்பந்தி கிடையாது. நம்பர் நாப்பத்தேழு யாருதுன்னே எனக்குத் தெரியாது" என்றார் ரத்தினம். பிறகு தாழ்ந்த குரலில், "அடுத்த மாசம் அச்சகத்துக்குக் குடுக்கணும். பெரியம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

ஏசுபாதம் நிமிர்ந்தார். கெஞ்சல் வந்த இடத்தில் முப்பத்திரண்டு வருஷ உத்தியோகம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அந்தத் தகட்டோடு படம் எடுக்கச் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கியிருந்தால் மெமோ வந்திருக்காது. ஒரே பாடத்தை இரண்டு தரம் படிக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

"எழுதிக் கொடுங்க" என்றார்.

துளசிங்கம் எழுதினார்: 'எண் 47. ஆடு நீக்கப்பட வேண்டும். நிலா நீக்கப்பட வேண்டும். மலை நீக்கப்பட வேண்டும். எஞ்சுவதற்குத் தலைவரே பொறுப்பு.' ரத்தினம் கையெழுத்துப் போட்டார். எழுத்துகளையும் சேர்த்துப் போட்டார்.

"என்னங்க, இன்னிக்கு என்லார்ஜர் வேண்டாமா?" என்று ஞானசௌந்தரி குளியலறைக் கதவருகே நின்று கேட்டாள்.

"வேண்டாம். மலை இல்லை, ஆடு இல்லை, வானமும் பனிக்குள்ள போயிடுச்சு. பிலிமை வைக்கணும், விளக்கைப் போடணும். அவ்வளவுதான்."

"அப்ப இது வெறும்..."

"ஆமா" என்றார். தாள் தட்டில் மிதந்தது. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு நுரையீரல்கள் மெல்ல எழுந்தன. பிறகு விலாக்கள். பிறகு கருஞ்சதுரம். ஞானசௌந்தரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ஆண்டவரே, நல்ல கல்யாணமா நடக்கணும்" என்றாள்.

ஏப்ரல் கண்காட்சிக்கு மேற்குத் தாம்பரமே வந்திருந்தது என்று நிகழ்ச்சிக் குறிப்பு சொல்கிறது. உண்மையில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை துரையும் அந்தப் பெரியம்மாவும் முன் வரிசையில் இருந்தார்கள். நடுச்சுவரில், ரோஜா மாலைக்குக் கீழே, எண் நாற்பத்தேழு. சர்க்கிள் அதற்கு 'மலையின் மௌனம்' என்று பெயர் வைத்திருந்தது. ரத்தினம் கண்ணாடியைக் கீழே வண்டியில் மறந்துவிட்டதால் அதைத் தூரத்திலிருந்தே ரசித்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மூணு மாசமா இந்தப் படத்தோட நாங்க போராடினோம். ஒவ்வொண்ணா எடுத்தோம். இப்ப எல்லாம் போய், சாரம் மட்டும் நிக்குது. இந்தப் பனியைப் பார்க்கும்போது, சொல்லவா? அது என் மூச்சு மாதிரியே இருக்கு. எனக்குள்ளேயிருந்து வந்த மாதிரியே இருக்கு!"

ஏசுபாதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் மாணிக்கவேல் பூதக்கண்ணாடியோடு படத்தை நெருங்கினார். கருஞ்சதுரத்தில் நின்றார். உரக்க வாசித்தார். "டி... பி... சி!"

பிறகு பேராசிரியரின் கண்கள் கலங்கின.

"நண்பர்களே! இயற்கை தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிறது. உள்ளே பார்த்தால் நமது சர்க்கிளின் எழுத்து! முத்திரை நெஞ்சில் இருக்க வேண்டும் என்ற நம் விதியை இந்தக் கலைஞர் பனியிலேயே எழுதிவிட்டார். முப்பதுக்கு முப்பது!"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். வாசலில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த செல்லம்மா எட்டிப் பார்த்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? நெஞ்சு படம்தான் இது. தோ, விலா. யாரோ இன்னாத்தையோ கழட்டாம எட்த்துகினு கீறாங்கோ. எங்க வூட்டுக்காரருக்கு அர்ணாக்கொடியக்கூட கழட்டச் சொன்னாங்கோ!"

ஓரிருவர் சிரித்தார்கள். பெரியம்மா தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். ரத்தினம் மேடையிலிருந்து இறங்கி, துளசிங்கத்தின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, படத்துக்கு நேராகப் போனார். சதுரத்தின் ஒரு மூலை உடைந்திருந்தது. அவர் கை தன்னையறியாமல் சட்டையின் இடப்பக்கத்துக்குப் போய், உள்ளே இருந்த தகட்டின் உடைந்த மூலையைத் தடவியது.

ஏசுபாதம் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் படத்தைப் பார்த்தபடியே உதடு அசையாமல் பேசிக்கொண்டார்கள்.

"இது... எப்ப எடுத்தது?"

"எண்பது ஜனவரி. நீங்க கழட்ட மாட்டேன்னீங்க."

"அந்த ஆள்..."

"நான்தான். 'கழட்டுய்யா'ன்னு நான் சொல்லலை. சார்னுதான் சொன்னேன். எனக்கு மெமோ குடுத்தாங்க."

"மலையை வச்சு மறைச்சிருந்தீங்களா? இத்தனை நாளா?"

"மலை வச்சேன். நிலா வச்சேன். நீங்க எல்லாத்தையும் எடுக்கச் சொன்னீங்க. எழுத்துல இருக்கு."

ரத்தினம் மிகச் சிறிய குரலில் கேட்டார்: "இதுல... ஏதாச்சும் தெரியுதா? கெட்டது?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட முதல் நேர்மையான விமரிசனக் கேள்வி அது. ஏசுபாதம் படத்தை மேலிருந்து கீழ் வரை, மருத்துவமனை வழக்கப்படி, நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் சுத்தம்" என்றார். "நல்ல நெஞ்சு. பயப்படாதீங்க."

அதற்குள் பெரியம்மா கண்ணாடியோடு வந்துவிட்டாள். "என்னது தம்பி, அந்தப் பொம்பளை நெஞ்சு படம்னு சொல்லுது?"

ரத்தினம் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். ஏசுபாதம் முதுகை நிமிர்த்தி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சர்க்கிளின் மொழியில் பேசினார்.

"அது பார்க்கறவங்க நெஞ்சைப் பொறுத்ததுங்கம்மா."

பெரியம்மா இந்தப் பதிலில் மிகவும் மகிழ்ந்து, பெண்ணைப் பெற்றவர் இவ்வளவு படித்தவர் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று தம்பியைக் கடிந்துகொண்டாள். செல்லம்மா, "அக்காங், இனிமே கூட்டறப்ப இத்தையும் பாத்துகினு கூட்டணும்" என்று சொல்லிவிட்டுத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலை ரத்தினம் கடப்பேரிக்கு வந்தார். கையில் பத்திரிகையின் அச்சுப்படி. ஏசுபாதத்தின் பெயருக்குப் பின்னால் ஏ.டி.பி.சி. புத்தம் புதிதாக நின்றது. ரத்தினத்தின் பெயருக்குப் பின்னால் எஃப்.டி.பி.சி. பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது.

"என்ன சம்பந்தி, உங்க எழுத்தை அடிச்சிட்டீங்க?"

"பத்திரிகையில அந்த எழுத்தைப் பார்த்தா யாருக்காச்சும் அந்தப் படம் ஞாபகம் வந்துடுமோன்னு..." ரத்தினம் முடிக்கவில்லை.

ஏசுபாதம் பேனாவை வாங்கி, மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கி, தன் பெயருக்குப் பின்னால் இருந்ததையும் நேர்க்கோடாக அடித்தார். கோடு எழுத்தைத் தாண்டிப் பெயரில் படவில்லை.

"நமக்குள்ள இருக்கறது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். "ஞானசௌந்தரி, சம்பந்திக்குக் காபி கொண்டா."

கதவுக்குக் கீழே தெரிந்த கால் துள்ளி உள்ளே ஓடிற்று.

மே மாதம் இரண்டாவது வாரத்தில் கல்யாணம் நடந்தது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள், ஆட்சேபணை சொல்ல யாரும் எழவில்லை. பூசை முடிந்து கோயில் படிக்கட்டில் இரு குடும்பமும் போட்டோவுக்கு நின்றது. மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் ரத்தினம், பியூலாவுக்கு ஒரு பக்கம் ஏசுபாதம். ரத்தினம் புதுக் கோட்டு போட்டிருந்தார். வெயிலில் வியர்த்தது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு வெளியே எடுத்து, "சார், அப்பா ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் நிமிரணும்" என்றார்.

ஏசுபாதம் நிமிரத் தேவையில்லை. எக்ஸ்ரே அறைப் பழக்கதோஷத்தில் அவர் வாய் தானாகச் சொல்லிற்று:

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

ரத்தினம் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். பிறகு போட்டோக்காரரிடம் ஒரு விரலைக் காட்டி, "ஒரு நிமிஷம்" என்றார். கோயில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். ஏதோ ஒன்று கோட்டுப் பையில் சாவிக்கொத்தின்மேல் விழுந்து சின்னதாகச் சத்தம் போட்டது.

திரும்பி வந்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பிளாஷ் விளக்கு வெட்டியது.

"விடலாம்" என்றார் ஏசுபாதம்.